காலி இடம் என்று வரைபடம் சொல்லும்போது: மெரினாவை முன்வைத்து ஒரு பதில்

கட்டடக்கலை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "நடைபாதை, பெஞ்ச், விளக்குக் கம்பம், பூங்கா எல்லாவற்றையும் பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும்தான் வரைகிறார்கள். அரசியல்வாதி திறப்பு விழாவுக்கு வருகிறார், கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுகிறது. அதைத் தாண்டிப் பொது இடத்தின் வடிவமைப்பில் அரசியல் எங்கே இருக்கிறது?"

திறப்பு விழாவுக்கு வெகு முன்பே அது வந்துவிடுகிறது. ஓர் இடத்தை அளந்து முதல் வரைபடம் போடும்போது, அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று குறிப்போம். சுவர் இருந்தால் கோடு போடுவோம், மரம் இருந்தால் வட்டம் போடுவோம். வலை காயும் மணலுக்கும், காலை நான்கு மணி நேரம் மட்டும் மீன் விற்கும் ஓரத்துக்கும், மாலையில் கூட்டம் கூடும் திடலுக்கும் என்ன குறி போடுவது? பெரும்பாலும் எதுவும் போடுவதில்லை. அந்த இடம் தாளில் வெறுமையாக நிற்கும். பிறகு அந்த வெறுமையை எதைக் கொண்டு நிரப்பலாம் என்று கூடிப் பேசுவோம். அதை வெறுமை என்று முடிவுசெய்த கணத்தில்தான் அரசியல் நடந்தது என்பது என் கருத்து. அதற்குச் சென்னையின் மெரினாவை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஆகவே பதில் முழுவதையும் அங்கேயே வைத்துக்கொள்கிறேன்.

மெரினாவின் மணல் பெரும்பகுதி இயற்கை தானாகக் கொடுத்தது அல்ல. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்துக்குக் கடலுக்குள் கற்சுவர்கள் எழுப்பத் தொடங்கினார்கள். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே போகும். கற்சுவர் குறுக்கே வந்ததும் அந்த மணல் துறைமுகத்தின் தென்பக்கம் தேங்கியது. ஆண்டுக்காண்டு கரை கடலுக்குள் வளர்ந்தது. இன்று சராசரியாக 300 மீட்டர் அகலத்தில் நாம் நடக்கும் மணல்வெளி அப்படி உருவானதுதான். வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வராமல் போனது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிப் போகும் கரையைக் கடல் அரித்தது. மீனவக் குப்பங்கள் தெருத்தெருவாக நிலத்தை இழந்தன. கடைசியில் பாறைகளைக் கொட்டி அணை போட வேண்டியதாயிற்று. அங்கே இப்போது படகு ஏற்றி வைக்கக்கூட மணல் இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு.

வடிவமைப்பின் அரசியல் என்று நான் சொல்வதன் முதல் பாடம் இது. துறைமுகப் பொறியாளர்கள் யாருக்கும் வடசென்னை மீனவர் மீது பகை இருந்திருக்காது. கப்பல் அமைதியான நீரில் நிற்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். ஆனால் ஒரே சுவர் தெற்கே ஒரு நகரத்துக்கு உலாவிடம் கொடுத்தது, வடக்கே உழைக்கும் மக்களின் வீடுகளை எடுத்துக்கொண்டது. இலாபம் எங்கே சேர்ந்தது, நட்டம் எங்கே இறங்கியது என்று பார்த்தால் போதும், சதி எதையும் தேட வேண்டியதில்லை. நியூயார்க்கின் சாலைகளையும் பூங்காக்களையும் திட்டமிட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ், கறுப்பின ஏழைகள் பஸ்ஸில் கடற்கரைப் பூங்காவுக்கு வரக் கூடாது என்றே பாலங்களைத் தாழ்வாகக் கட்டினார் என்ற கதையை உங்கள் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அந்தக் கதையை ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். அது பொய்யென்றே வைத்துக்கொண்டாலும் வாதம் விழுவதில்லை. தீய நோக்கம் இல்லாத வடிவமைப்பும் யாரையாவது வெளியே நிறுத்தும்.

துறைமுகத்தால் சேர்ந்த கரையில், 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் உலாப்பாதை ஒன்றை அமைத்தார். இத்தாலியின் சிசிலித் தீவில் தான் கண்ட கடற்கரையின் நினைவாக 1884இல் மெரினா என்று பெயரிட்டார். மாலையில் ஆங்கிலேயர்கள் குதிரை வண்டியில் காற்று வாங்குவதற்கான இடம் அது. சாலையின் மேற்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஆட்சியின் கட்டடங்கள் வரிசையாக எழுந்திருந்தன. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கைமாறிய சேப்பாக்கம் மாளிகை, மாநிலக் கல்லூரி, ராபர்ட் சிஸம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் இல்லம் ஆகியவை கடலைப் பார்த்து நின்றன. குவிமாடமும் வளைவுகளுமாக இந்தியச் சாயல் பூண்ட அந்தப் பாணி, 'நாங்கள் உங்கள் மன்னர்களின் வாரிசுகள்' என்று மக்களிடம் சொல்வதற்காகவே வளர்க்கப்பட்டது. அவற்றுக்கு இடையிலும் அருகிலும் அயோத்தியா குப்பம், நடுக்குப்பம், மாட்டாங்குப்பம், நொச்சிக்குப்பம் ஆகியவை இருந்தன. உலாப்பாதை வருவதற்கு முன்பே கடலோடு வாழ்ந்தவர்கள் அவர்கள்.

ஆட்சியாளர் உலாவுவதற்கு அமைத்த கரையை மக்கள் வேறொன்றாக மாற்றினார்கள் என்பதுதான் மெரினாவின் பெருமை. 1907இல் வங்கத்துச் சுதேசித் தலைவர் விபின் சந்திர பால் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் பேசினார். பாரதியும் சுதேசி இயக்கத்தாரும் அங்கே கூட்டம் கூட்டினார்கள். மணலின் ஒரு பகுதிக்குத் திலகர் திடல் என்றே பெயர் வந்தது. 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்களை நடத்தியபோது, ஒன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரேயுள்ள கடற்கரையில், மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்தது. 1938இல் திருச்சியிலிருந்து நடந்தே வந்த இந்தி எதிர்ப்புப் படையை வரவேற்ற பெருங்கூட்டமும் அங்கேதான். மண்டப வாடகை கொடுக்க முடியாதவர்கள், சாதியின் பெயரால் மண்டபத்துக்குள் விடப்படாதவர்கள், ஆட்சியை எதிர்த்ததால் மண்டபம் மறுக்கப்பட்டவர்கள் எல்லாருக்கும் மணல் இருந்தது. அதற்கு வாசல் இல்லை, வாசல் இல்லாததால் காவலாளியும் இல்லை. கேட்டு வாங்க வேண்டிய சாவி என்று ஒன்று இல்லாத இடத்தைத்தான் நான் முழுப்பொருளில் பொது இடம் என்பேன்.

சிலைகளைப் பற்றித்தான் நம் ஊரில் அதிகம் பேசுவோம். ஆகவே அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1959இல் தேபி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை வந்தது. தலைவர் முகம் எதுவும் இல்லாமல் பாறையை நெம்பும் நான்கு தொழிலாளர்களுக்கு நகரத்தின் முகப்பைக் கொடுத்த அந்த முடிவை நான் இன்றும் வியக்கிறேன். 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவர், ஔவையார், கம்பர், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன், வ.உ.சி., வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் ஆகியோரின் சிலைகள் வரிசையாக வைக்கப்பட்டன. ஆளுநர்களின் சாலை தமிழின் சாலையாக மாறியது. 2001 டிசம்பரில் கண்ணகி சிலை பீடத்திலிருந்து அகற்றப்பட்டபோது போக்குவரத்து காரணம் காட்டப்பட்டது. ஆட்சி மாறி 2006 ஜூனில் அது திரும்பவும் நின்றது. அதே ஆண்டு வைக்கப்பட்ட சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்ற வழக்கின் முடிவில் 2017இல் அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. பீடத்தின் மேலே யார் என்பதைப் பற்றி நாம் காட்டும் அக்கறையில் பாதியைப் பீடத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் மேல் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நினைவிடங்களின் கதை அதிலிருந்து வேறுபட்டது, ஏனென்றால் அவை பரப்பை எடுத்துக்கொள்கின்றன. 1969 பிப்ரவரியில் அண்ணா மணலில் அடக்கம் செய்யப்பட்டார். 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா. 2018 ஆகஸ்டில் கலைஞருக்கு அந்த இடத்தை அன்றைய அரசு மறுத்து, கிண்டியில் இடம் தருவதாகச் சொன்னது. விடிய விடிய வழக்கு நடந்து, மறுநாள் காலை உயர் நீதிமன்றம் அனுமதி அளித்தது. அந்த ஓர் இரவில் தமிழ்நாடு முழுவதும் ஒரு நில வரைபடத்தைப் பற்றிப் பேசியது. யார் எங்கே உறங்குவது என்பது ஓர் இயக்கத்தின் வரலாற்றில் அவருக்கு உரிய இடம் எது என்ற கேள்வியாக இருந்தது. அந்த உணர்வை நான் மதிக்கிறேன். இலட்சக்கணக்கானோர் அங்கே வந்து கண்ணீர் விடுகிறார்கள், குழந்தைகளுக்குக் காட்டுகிறார்கள். ஆயினும் ஒவ்வொரு நினைவிடமும் விரிவாகும்போது சுற்றுச்சுவர் வருகிறது, வாசல் வருகிறது, திறந்து மூடும் நேரம் வருகிறது. கூட்டம் கூடுவதற்கு இருந்த மணல், பார்த்துவிட்டு நகர்வதற்கான தளமாகிறது. பிறகு கடலுக்குள் 134 அடி உயரத்தில், ஏறத்தாழ 81 கோடி ரூபாயில் பேனா நினைவுச்சின்னம் அமைக்கும் திட்டம் வந்தது. 2023 ஜனவரியில் அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மீனவர்களும் பேசினார்கள். கரையிலிருந்து பார்க்கிறவருக்குத் திறந்த கடலாகத் தெரியும் அந்த நீரில் வலை விரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். இங்கேயும் 'காலி' என்ற அதே பிழைதான், இம்முறை நீரின் மேல்.

இனி மீனவர்களிடம் நேராக வருகிறேன். நான் சொல்வது எவ்வளவு பழைய செய்தி என்பதை அவர்களுடைய வரலாறு காட்டும். 1985இல் மெரினாவை அழகுபடுத்தும் முயற்சியில் மணலில் இருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முனைந்தது. எதிர்ப்பு எழுந்தது, துப்பாக்கிச்சூடு நடந்தது, மீனவர்கள் உயிரிழந்தார்கள். ஒரு கடற்கரை அழகாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நடந்த சாவுகள் அவை. அழகு என்ற சொல்லுக்குள் என்ன முடிவு ஒளிந்திருந்தது என்று பாருங்கள். கட்டுமரம் இருந்தால் குப்பை, இல்லாவிட்டால் கடற்கரை. மணலை மாலையில் இரண்டு மணி நேரம் பயன்படுத்துபவரின் கண்ணுக்கு ஏற்றபடி, அதை நாள் முழுதும் பயன்படுத்துபவரின் கருவிகள் அழுக்கு என்று ஆக்கப்பட்டன.

கலங்கரை விளக்கத்திலிருந்து தெற்கே போகும் லூப் சாலை இதன் அண்மைக்கால வடிவம். நொச்சிக்குப்பமும் அதை அடுத்த குப்பங்களும் கடலுக்கு எதிரிலேயே இருக்கின்றன. படகு வந்ததும் பெண்கள் அங்கேயே மீனை வாங்கி, அங்கேயே விற்பார்கள். அது தலைமுறைகளாக நடந்துவரும் ஏற்பாடு. வீடுகளுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த வழி, போக்குவரத்துக்கான முழுச் சாலையாயிற்று. சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலைக் குறைக்க வண்டிகள் அதில் திருப்பிவிடப்பட்டன. அதன்பின் மீன் விற்கும் பெண்கள் 'சாலையை ஆக்கிரமித்தவர்கள்' ஆனார்கள். 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கைத் தொடர்ந்து கடைகள் அகற்றப்பட்டன. பெண்கள் மீனைக் கொட்டிச் சாலையில் உட்கார்ந்து போராடினார்கள். "நாங்கள் சாலைக்கு வரவில்லை, சாலைதான் எங்களிடம் வந்தது" என்பதே அவர்களுடைய வாதம். நகரத் திட்டமிடலைப் பற்றி இதைவிடச் சுருக்கமான, சரியான விமர்சனத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள், தண்ணீர், கழிவுநீர் ஏற்பாடு, கூரை எல்லாம் இருக்கின்றன. வெயிலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது உண்மையான ஆதாயம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நடந்துபோகிறவர், வண்டியை ஓரம் கட்டுகிறவர் கண்ணில் மீன் படும்போதுதான் வியாபாரம் நடக்கிறது. உள்வரிசைக் கடைக்கும் சாலையோரக் கடைக்கும் ஒரே வருமானம் வராது. கடையின் திசையை வரைகிறவர் அறியாமலே ஒரு குடும்பத்தின் வருமானத்தை வரைகிறார். தியாகராய நகர் பாண்டி பஜாரிலும் நடைபாதையை அகலமாக்கி, பெஞ்சுகள் போட்டு 2019இல் திறந்தார்கள். நடப்பதற்கு அருமையான தெரு அது. அந்த நடைபாதையில் பல்லாண்டு கடை போட்டிருந்தவர்கள் அதற்கு முன்பே வணிக வளாகம் ஒன்றின் மாடிகளுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே அந்தத் தெருவைப் பாராட்ட வேண்டும்.

வடிவமைப்பு ஒருவரை உள்ளே அழைக்கவும் முடியும் என்பதற்கும் மெரினாவிலேயே சான்று இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த 300 மீட்டர் மணல் கடக்க முடியாத தூரம். மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டார்கள். டிசம்பர் மாதத்தில் மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள நிரந்தர மரப்பாதை திறக்கப்பட்டது. முதல் முறையாக அலையில் கால் நனைத்த நடுவயதுக்காரர்கள், முதியவர்கள் அன்று பேசியதைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் முனையை உடைத்தது. சரிசெய்து மீண்டும் திறந்தார்கள். அந்தப் பாதைக்குச் சிலை அளவுக்கு விளம்பரம் இல்லை. ஆனால் கடல் எல்லாருக்கும் பொது என்ற பேச்சை 263 மீட்டர் அளவுக்கு உண்மையாக்கிய பணி அது.

இதற்கு மறுபக்கம் 2024 அக்டோபர் 6. விமானப்படையின் சாகச நிகழ்ச்சிக்கு இலட்சக்கணக்கானோர் வந்தார்கள். நண்பகல் வெயில், நிழல் இல்லாத மணல், போதாத குடிநீர், ஒரே நேரத்தில் திரும்பிய கூட்டம், திணறிய இரயில் நிலையங்கள். ஐந்து பேர் உயிரிழந்தார்கள். நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் வெளியேறும் வழியும் பொது இடத்தின் அலங்காரங்கள் அல்ல, அவைதான் அந்த இடம். வசதியுள்ளவர் குடையும் தண்ணீர்ப் புட்டியும் காருமாக வருவார். இல்லாதவருக்கு நகரம் கொடுத்தால்தான் உண்டு. கழிப்பறை இல்லாத கடற்கரையில் ஓர் ஆண் நான்கு மணி நேரம் இருக்கலாம், ஒரு பெண்ணால் முடியாது. எவ்வளவு நேரம் தங்க முடியும் என்பதை வைத்தே ஒரு பொது இடம் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

தங்குவது என்றதும் 2017 ஜனவரி நினைவுக்கு வருகிறது. ஜல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக 17ஆம் தேதி தொடங்கிய கூட்டம் ஒரு வாரம் மெரினாவிலேயே இருந்தது. விளக்குகள் அணைக்கப்பட்ட இரவில் ஆயிரக்கணக்கான கைப்பேசிகளின் ஒளியில் அந்தக் கரை மின்னியதை நாடே பார்த்தது. பெண்கள் இரவிலும் அச்சமின்றி இருந்தார்கள். உணவும் தண்ணீரும் வந்துகொண்டே இருந்தன. அந்தக் கோரிக்கையை ஏற்பவர், ஏற்காதவர் இருவருக்கும் ஒன்று தெரிந்தது: அத்தனை பேர் அத்தனை நாள் கூடியிருக்கச் சென்னையில் வேறு இடம் இல்லை. பக்கவாட்டில் நீண்ட அணுகுசாலை, எங்கிருந்தும் உள்ளே நுழையக்கூடிய திறப்பு, நடந்துவரும் தூரத்தில் பறக்கும் இரயில் நிலையங்கள், பின்னால் கடல். யாரும் போராட்டத்துக்கென்று திட்டமிடாத ஏற்பாடுகள் இவை. 23ஆம் தேதி கலைக்கப்பட்டபோது ஓடிவந்த மாணவர்களுக்கு மீனவக் குப்பத்து மக்கள் அடைக்கலம் கொடுத்தார்கள். நடுக்குப்பத்தின் மீன் சந்தை அன்று தீக்கிரையானது. காவல்துறை மீது குப்பத்து மக்கள் சொன்ன புகார்கள் விசாரணை ஆணையம் வரை போயின. நகரம் தன் குரலைக் கண்டுகொண்ட வாரத்துக்கு, அந்தக் கரையின் பழைய குடிகளே விலை கொடுத்தார்கள்.

அதன்பின் மெரினாவில் அப்படியொரு போராட்டம் நடக்கவில்லை. 2018இல் காவிரிப் பிரச்சினைக்காக விவசாயிகள் அங்கே உண்ணாவிரதம் இருக்க அனுமதி கேட்டார்கள். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஒரு நாள் தந்தார், மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் போன்ற ஒதுக்கப்பட்ட இடங்களுக்குப் போகச் சொன்னார்கள். டெல்லியிலும் இதுவே நடந்தது. 1988இல் விவசாயிகள் தலைவர் மகேந்திர சிங் திகைத் தலைமையில் உழவர்கள் போட் கிளப் புல்வெளியை நிரப்பினார்கள். பின்னர் அந்த இடம் மூடப்பட்டு, போராட்டம் ஜந்தர் மந்தர் சாலையின் ஓரத்துக்கு நகர்ந்தது. இரும்புத் தடுப்பும், மூடிய அணுகுசாலையும், அனுமதி நேரமும் வடிவமைப்பின் பகுதிகளே. கட்டடக் கலைஞர் வரையாவிட்டாலும் அவை அந்த இடத்தின் உருவத்தை மாற்றுகின்றன. ஆளுநர் உலாவிய கரை மக்களின் திடலாகி, இப்போது திரும்பவும் உலாவிடம் ஆகிக்கொண்டிருக்கிறது. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒரு மறுப்பை நீங்கள் எழுப்பலாம்: மணலைக் காலி என்று எண்ணாதே என்கிறீர்கள், அதே மூச்சில் காலியாக இருந்ததால்தான் கூட்டம் கூடியது என்கிறீர்களே? இரண்டும் ஒன்றுதான். கட்டடம் எழாமல் திறந்து கிடக்கும் நிலம் நாளுக்கு நாலு விதமாகப் பயன்படும். விடியலில் மீன் இறங்கும், காலையில் நடைப்பயிற்சி நடக்கும், பகலில் வலை காயும், மாலையில் சுண்டல் விற்கும், என்றாவது ஒருநாள் வரலாறு அங்கே கூடும். ஒரே ஒரு பயனுக்காக அதை நிரந்தரமாகக் கட்டிவிட்டால் மற்றவை போய்விடும்.

நடைமுறையில் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். படிப்பு முடித்து நீங்கள் ஒரு திட்டத்தில் சேரும்போது முதலில் ஆவணங்களைக் கேளுங்கள். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மெரினாவில் கடைகளை 900 தள்ளுவண்டிகளாக வரையறுத்தபோது உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வந்தது. அப்படி எண்ணிக்கை முடிவாகும் இடங்களில் அந்தக் குழு கூடியதா, கூட்டக் குறிப்பு எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடற்கரைத் திட்டமென்றால் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தை வாங்குங்கள். மீனவர்களின் பொதுப் பயன்பாட்டு இடங்களான படகு நிறுத்தும் இடம், வலை உலர்த்தும் இடம், மீன் இறக்கும் இடம் ஆகியவை அதில் குறிக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு மீனவர் அமைப்புகள் பல ஆண்டுகளாகப் போராடுவது, அந்தக் குறிகள் விடுபட்டுப்போனதற்காகத்தான். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்கு நொச்சிக்குப்பம் போங்கள். படகு ஏறும் இடத்தில் நின்று, மீன் எடுக்கும் அக்காக்களிடம் தாளைக் காட்டி, எது எங்கே நடக்கிறது என்று கேட்டுப் பென்சிலால் குறியுங்கள். ஒரு நாளில் முடியாது. மழைக்காலத்தில் வேறு இடம், மீன்பிடித் தடைக்காலத்தில் வேறு பயன், அமாவாசைக்கு வேறு நேரம் என்பார்கள். எல்லாவற்றையும் குறித்த பிறகு உங்கள் முதல் கோட்டைப் போடுங்கள்.